ஒரு கேசிங் போதுமாக இருந்த காலம்

லேப்டாப் உயிரை விட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "உள்ள இருந்ததெல்லாம் போச்சா?" என்பதுதான். பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் சர்வீஸ் கடையில் இதற்குப் பெரும்பாலும் ஒரே பதில் கிடைக்கும். "போர்டுதாண்ணே அவுட்டு. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. ஒரு கேசிங் வாங்கிப் போட்டுக்குங்க, எல்லாம் வந்துரும்." கடைக்காரர் லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிமூடியின் இரண்டு திருகுகளைக் கழற்றி, உள்ளங்கையளவு டிஸ்க்கை உருவி எடுப்பார். நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பி கேபிளால் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால், கல்யாணப் படங்கள், மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பாதி எழுதி நிறுத்திய ஆய்வேடு எல்லாம் வைத்தது வைத்தபடியே வந்து நிற்கும்.

இன்று அதே கேள்வியோடு கடைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பதில் கிடைப்பதில்லை. சாமானியரின் கைக்கு எட்டிய நல்ல வசதி ஒன்று மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது. அது எப்படி வந்தது, இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவைப்பது நல்லது.

கேசிங் வருவதற்கு முன் டிஸ்க்கையே தூக்கிக்கொண்டு அலைந்தோம். 2000 வாக்கில் நண்பர் வீட்டிலிருந்து பாட்டுகளோ மென்பொருளோ வேண்டுமென்றால் முதலில் சிபியூவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற வேண்டும். 40 பின் கொண்ட பட்டையான ஐடிஈ கேபிளையும் பவர் கேபிளையும் பிடுங்கி, அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும் 3.5 அங்குல டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போக வேண்டும். போன இடத்தில் ஜம்பர் மாற்றும் வேலை இருக்கும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். எது எது என்பதை டிஸ்க்கின் பின்புறத்துக் குட்டிப் பின்களில் நகக்கண் அளவு பிளாஸ்டிக் துண்டைச் செருகித்தான் குறிக்க முடியும். இரண்டும் மாஸ்டராகக் கிடந்தால் தகராறுதான். எதையும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டே செய்ய வேண்டும். ஓடும்போது மாட்டிக் கழற்றுவதற்காக அந்த இணைப்பு உருவாக்கப்படவில்லை.

சில அலுவலகங்களில் இதற்கு மொபைல் ரேக் என்று ஒன்று இருந்தது. சிடி டிரைவ் உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் இழுப்பறை ஒன்றைப் பொருத்தி, அதற்குள் ஹார்ட் டிஸ்க்கை வைத்துவிடுவார்கள். முகப்பில் சாவித்துவாரம் இருக்கும். மாலையில் இழுப்பறையை உருவி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார் கணக்காளர். கழற்றி எடுத்துப்போகும் டிஸ்க் என்ற எண்ணம் அங்கேயே முளைத்துவிட்டது. ஆனால் போகிற இடத்திலும் அதே மாதிரி ரேக் இருக்க வேண்டும். அச்சகங்களும் பத்திரிகை அலுவலகங்களும் கொஞ்ச காலம் 100 எம்பி ஜிப் டிஸ்க்கை நம்பின. மேக் வைத்திருந்தவர்களுக்கு 1986-லேயே ஸ்கசி இணைப்பில் வெளிப்புற டிஸ்க் கிடைத்தது. அது நம் வீடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தது.

யூஎஸ்பி வந்ததும் எல்லாம் ஒரேயடியாக மாறிவிடவில்லை. 1998-இல் வந்த 1.1 பதிப்பின் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு ஒரு எம்பி நகர்ந்தாலே பெரிது. அன்றைய 40 ஜிபி டிஸ்க் ஒன்றை அந்த வழியில் காலி செய்ய 11 மணி நேரம் ஆகும். 2000 ஏப்ரலில் வந்த யூஎஸ்பி 2.0, காகிதத்தில் 480 மெகாபிட் என்று சொல்லி, கையில் நொடிக்கு 30 எம்பி சொச்சம் கொடுத்தது. அதே 40 ஜிபி இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. கேசிங் ஊருக்கு ஊர் பரவ இந்த வித்தியாசம் போதுமானதாக இருந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் கூடவே டிரைவர் சிடியையும் தூக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பி வந்தபின் அதுவும் தேவைப்படவில்லை. மாட்டினால் டிங் என்ற சத்தத்தோடு புதிய எழுத்தில் ஒரு டிரைவ் தோன்றும்.

அந்தப் பெட்டிக்குள் மந்திரம் ஒன்றும் கிடையாது. இரண்டு விரல் அகலப் பலகை ஒன்று, அதில் ஒரு சிப். டிஸ்க் பேசும் மொழியை அந்த சிப் யூஎஸ்பி மொழிக்கு மாற்றிக் கொடுக்கும். கடைக்காரர்கள் அதை பிரிட்ஜ் என்பார்கள். லேப்டாப்பின் ஐடிஈ டிஸ்க்குக்கு 44 பின். மின்சாரமும் அதன் வழியாகவே வரும் என்பதால் நான்கு பின் கூடுதல். தலைமுடி போல மெல்லிய பின்கள். கொஞ்சம் கோணலாகத் தள்ளினால் ஒன்று மடங்கிக்கொள்ளும். அதைக் குண்டூசியால் நிமிர்த்தும்போது ஒடிந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு சாட்டா வந்தது. தட்டையான வாயில் டிஸ்க்கை வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். அலுமினிய உறைக்குள் நழுவவிட்டு, கூடவே வந்த குட்டித் திருப்புளியால் இரண்டு பொடித் திருகுகளை முடுக்கினால் வேலை முடிந்தது. நீல விளக்கு எரியும். செயற்கைத் தோல் பை ஒன்றும் இலவசமாகக் கிடைக்கும்.

மின்சாரம்தான் அந்தக் காலத்தின் பெரிய தொல்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதற்குக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர். 2.5 அங்குல டிஸ்க்கின் தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த நொடியில் ஒரு ஆம்பியர் வரை கேட்கும். அதனால்தான் ஒரு முனையில் ஒற்றையும் மறுமுனையில் இரட்டையுமாக ஒய் வடிவக் கேபிள் கொடுத்தார்கள். ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு, உள்ளே 'டிக், டிக்' என்று கேட்டதும் டிஸ்க் போய்விட்டது என்று மனம் உடைந்தவர்கள் நிறையப் பேர். இரண்டாவது முனையையும் செருகி, அதையும் சிபியூவின் பின்பக்கப் போர்ட்டில் செருகிப் பார்த்தால் பல டிஸ்க்குகள் எழுந்துவிடும். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால் தனி அடாப்டர் இல்லாமல் அது நகராது. 2008-இல் யூஎஸ்பி 3.0 அறிவிக்கப்பட்டபோது மின்சாரம் 900 மில்லி ஆம்பியராக உயர்ந்தது. நீல நாக்குப் போர்ட்டுகள் பரவியதும் ஒய் கேபிள் காணாமல் போனது.

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் கேசிங்குகளை மலை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். வாங்க வருகிறவர் சட்டைப் பையில் பெரும்பாலும் ஒரு பழைய டிஸ்க் இருக்கும். லேப்டாப்பில் பெரிய டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ போட்டுக்கொண்டவர்களிடம் மிஞ்சிய பழசு அது. 160 ஜிபி, 320 ஜிபி என்று மேஜை டிராயரில் சும்மா கிடக்க வேண்டியது ஒரு கேசிங்கால் வீட்டின் பொதுப் பெட்டகமாயிற்று. அண்ணன் பிள்ளை வந்தால் படங்கள் ஏறும், மாமா ஊருக்குப் போகும்போது பழைய பாட்டுகள் இறங்கும். டிஸ்க் வேறு, பெட்டி வேறு என்ற அறிவை அந்தக் கேசிங் ஊருக்கெல்லாம் கொடுத்தது. பெட்டி போனால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும் என்று பத்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்திருந்தது. அதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

இதே காலத்தில் இன்னொரு பெட்டியும் உருமாறியது. படப்பெட்டி என்றால் தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லை. 35 எம்எம் ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி. 2,000 அடிச் சுருள்களாகக் கணக்கிட்டால் ஏழு சுருள், முப்பது கிலோவுக்குக் குறையாது. தகரப் பெட்டிகளில் ரயிலிலும் பஸ்ஸிலும் அது வந்து இறங்க, ரசிகர்கள் மாலை போட்டு, கற்பூரம் காட்டி, தலையில் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குப் போவார்கள். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்களில், இங்கே ஓடி முடிந்த சுருளை சைக்கிளில் வைத்து அங்கே மிதித்துக்கொண்டு போவார் ஒரு பையன்.

டிஜிட்டல் வந்ததும் அந்த ஏழு சுருளும் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் அடங்கின. உலகத் தியேட்டர்கள் பலவும் ஏற்றுக்கொண்ட வடிவம், சிஆர்யூ என்ற கம்பெனியின் டிஎக்ஸ்115 உறை. கைப்பிடி வைத்த உலோகத் தட்டு; சர்வரின் வாயில் தள்ளினால் போய் உட்காரும். பழைய மொபைல் ரேக்கின் நேர்வாரிசு அது. டிஜிட்டல் படத்துக்கான உலகத் தரத்தில் நொடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட். அந்த உச்சத்தில் ஓடினாலும் இரண்டரை மணி நேரப் படம் 280 ஜிபி அளவில் முடிந்துவிடும். சென்னையில் ரியல் இமேஜ் நிறுவனத்தைத் தொடங்கிய செந்தில்குமாரும் ஜெயேந்திராவும் உருவாக்கிய க்யூப், இந்த மாற்றத்தில் நம் ஊர்த் தியேட்டர்களுக்குப் பெரும் பங்காற்றியது. பிறகு செயற்கைக்கோள் வழியாகவும் இணையம் வழியாகவும் படங்கள் வரத் தொடங்க, டிஸ்க்கின் பயணமும் குறைந்தது.

படப்பெட்டியின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது கனம் குறைந்ததை விட வேறொன்று. தகரப் பெட்டி வந்தால் படம் வந்தாயிற்று. சுருளை மாட்டினால் ஓடும். ஹார்ட் டிஸ்க் வந்தால் போதாது. கேடிஎம் என்ற சாவி தனியாக வர வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நாள், நேரத்துக்கு மட்டும் செல்லும். படம் முழுவதும் கட்டடத்துக்குள் இருக்க, சாவி வராததால் முதல் காட்சி தள்ளிப்போய், வாசலில் ரசிகர்கள் கூச்சலிட்ட கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். தகவல் கையில் இருப்பதும் தகவல் நம்முடையதாக இருப்பதும் தனித்தனி என்பதைத் தியேட்டர்காரர்கள் முதலில் அனுபவித்தார்கள். இப்போது அது வீட்டு லேப்டாப்புக்கு வந்திருக்கிறது. அதற்கு முன் இன்னும் ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும்.

கல்யாண வீடியோ மினி டிவி கேசட்டில் இருந்தபோது ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும். 4கே கேமரா நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, இரண்டு நாள், வரவேற்பு, முகூர்த்தம் என்றால் டெராபைட்டைத் தொட்டுவிடும். அதனால் ஸ்டூடியோவில், "ரா ஃபுட்டேஜ் வேணும்னா ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க சார்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நாம் வாங்கித் தருவது பெரும்பாலும் கடையில் மூடி சீல் வைத்து வரும் போர்ட்டபிள் டிஸ்க். திருகு கிடையாது, பிளாஸ்டிக் கொக்கிகளால் பூட்டியது. மெல்லியது, அழகானது, விலையும் குறைவு.

அதைத் திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பல மாடல்களில் உள்ளே சாட்டா வாயே இருக்காது. யூஎஸ்பி போர்ட்டை டிஸ்க்கின் சொந்தப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். பட்டையான அந்த மைக்ரோ-பி வாய் ஆடிப்போனால் கேசிங் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. சால்டரிங் தெரிந்த நல்ல கைக்காரரைத் தேட வேண்டும். வேறு சில வரிசைகளில், நாம் பாஸ்வேர்ட் ஏதும் வைக்காவிட்டாலும் பிரிட்ஜ் சிப் தகவலைக் குறியாக்கம் செய்தே எழுதும். பலகை கெட்டபின் டிஸ்க்கை எடுத்து வேறு கேசிங்கில் போட்டால் வெறும் குப்பையாகத் தெரியும், "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். அந்த இடத்தில் "ஆம்" என்று அழுத்திவிடாதீர்கள். டிஸ்க் காலியாகத் தெரிவதற்கு இப்படிப் பல காரணங்கள் உண்டு. சில கேசிங்குகள் டிஸ்க்கின் செக்டார் அளவை மாற்றிக் காட்டுவதால், ஒன்றில் ஃபார்மட் செய்தது மற்றொன்றில் புரியாமல் போவதும் உண்டு. பழைய பெட்டியையே திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம்.

இன்றைய கேசிங் வேறு உயிர். அதற்குள் போவது 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட என்விஎம்இ எஸ்எஸ்டி பலகை. சாய்வாகச் செருகி, மெல்லப் படுக்கவைத்து, நுனியை ரப்பர் குமிழால் பூட்ட வேண்டும். மேலே சாம்பல் நிறத்தில் மெத்தென்ற வெப்பப் பட்டை ஒன்றை ஒட்டி மூட வேண்டும். அந்தப் பட்டையைத் தேவையில்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எஸ்எஸ்டியின் சூட்டை அலுமினிய உறைக்குக் கடத்துவது. அது இல்லாவிட்டால் பெரிய ஃபைல் பாதியில் இருக்கும்போதே சூடேறி வேகம் படுத்துவிடும். 10 ஜிபிட் இணைப்பில் நொடிக்கு 1,000 எம்பி வரை போகும். 11 மணி நேரம் பிடித்த அந்த 40 ஜிபி, 40 நொடியில் முடிகிறது. 2023-இல் வந்த ஐஃபோன் 15 ப்ரோ, புரோரெஸ் வீடியோவை யூஎஸ்பி-சி வழியாக நேரே வெளி டிஸ்க்கில் பதியும். ஃபோனின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கேசிங்குகளோடு குறும்படம் எடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறபோது, இந்தப் பெட்டிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்ற சந்தோஷம் வருகிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எம்.2 எனப்படும் இந்த வடிவப் பலகையில் சாட்டா வகை, என்விஎம்இ வகை என இரண்டு உண்டு. எல்லாக் கேசிங்கும் இரண்டையும் ஏற்பதில்லை. கூடவே வரும் கேபிளைத் தொலைத்துவிட்டு ஃபோன் சார்ஜர் கேபிளை மாட்டினால் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வேகம்தான் கிடைக்கும்.

வேகத்துக்காக எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்கு மாற்றி பீரோவில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. தட்டு சுழலும் டிஸ்க் கீழே விழுந்தால் போய்விடும், உண்மைதான். ஆனால் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போடும், மெதுவாகும், அவகாசம் தரும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அது தகவலை மின்னூட்டமாகப் பிடித்துவைப்பது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் கசியும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஒரு வருஷம் தாங்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பின் தரம். புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும். சூடு கூடக்கூட அந்தக் காலம் சுருங்கும், நம் சித்திரை வெயிலில் மாடி அறைப் பீரோ என்ன சூட்டில் இருக்கும் என்பது தெரிந்ததே. கல்யாண வீடியோவுக்குப் பழைய தட்டு டிஸ்க் ஒன்று, வேலைக்கு எஸ்எஸ்டி ஒன்று, வருஷத்துக்கு ஒரு முறை இரண்டையும் மாட்டித் திறந்து பார்ப்பது என்பதே என் வழி.

இப்போது தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வரலாம். கடையில் அந்தப் பழைய பதில் ஏன் கிடைப்பதில்லை? காரணம் இரண்டு. முதலாவது, டிஸ்க்கே தனியாக இல்லை. விலை குறைந்த சில லேப்டாப்புகளில் 64 ஜிபி சேமிப்புச் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் 2016 முதல் மேக்புக் ப்ரோவின் டச் பார் மாடல்களில் இதைச் செய்யத் தொடங்கியது, இன்றைய மேக்புக்குகளில் கழற்றி எடுக்க டிஸ்க்கே கிடையாது. போர்டு செத்தால் அதோடு எல்லாம் போகும். இரண்டாவது, டிஸ்க்கைக் கழற்ற முடிந்தாலும் உள்ளே பூட்டியிருக்கிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் நாம் கேட்காமலேயே டிஸ்க் குறியாக்கம் ஆகிவிடும். அதைக் கேசிங்கில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். படம் உள்ளே, சாவி எங்கோ.

பூட்டு எனக்குச் சம்மதம். கேசிங்கின் பொற்காலத்தில் யார் டிஸ்க்கையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதே நிலைமை. விண்டோஸ் பாஸ்வேர்ட் அதைத் தடுக்காது. சர்வீஸுக்குக் கொடுத்த லேப்டாப், பழைய விலைக்கு விற்ற லேப்டாப், பஸ்ஸில் தொலைத்த பை, எல்லாவற்றிலிருந்தும் ஒரு பெண்ணின் அந்தரங்கப் படங்கள் அந்நியர் கைக்குப் போக ஒரு கேசிங் போதுமாக இருந்தது. பூட்டு வந்ததற்காக நான் வருந்த மாட்டேன். பற்றவைப்பது வேறு விஷயம். இடமும் மெல்லிய உடலும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் அதே மெல்லிய உடலில் எம்.2 பலகைக்கு இடம் விட்டுச் செய்யும் லேப்டாப்புகளும் சந்தையில் உள்ளன. நம் காசில் வாங்கிய பொருளின் உயிர்நிலையை நாம் தொட முடியாமல் மூடுவதற்கு எனக்குச் சம்மதமில்லை.

பூட்டைப் பொறுத்தவரை பெரிய துயரம் சாவி இருந்தும் கிடைக்காமல் போவது. வீட்டில் ஒருவர் காலமான பின் அவருடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மகனோ மருமகளோ கடைக்கு வருகிறார்கள். "சார், அப்பாவோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் எந்த நம்பர்ல இருக்கு, எந்த மெயில்ல இருக்கு தெரியுமா?" என்று கடைக்காரர் இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. முன்பு கேட்டதெல்லாம் கேசிங்குக்கான ஐந்நூறு ரூபாய்தான். தானாகப் பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டரின் மீட்புச் சாவி பொதுவாக அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். இன்றே உள்ளே போய்ப் பார்த்து, 48 எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடலாம். கூடவே அது எந்த லேப்டாப்புக்கு உரியது என்பதையும் எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சாவி வேறு. புதிய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பிராசஸர், ராம், விலை எல்லாம் விசாரித்த பிறகு கடைக்காரரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: "இதுல எஸ்எஸ்டி தனியாக் கழற்ற வருமா?" தெரியவில்லை என்று அவர் சொன்னால், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் கையேட்டில் சேமிப்பு பற்றிய பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் போய் வாங்கலாம்.